காலிக் குழாயில் காந்தம்

பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பாடத்துக்குக் 'காந்தப் பொருட்களும் பயன்பாடுகளும்' என்று பெயர். அது விருப்பப் பாடம். வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள் வந்து உட்காருவதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கியில் காந்தம், மோட்டாரில் காந்தம், குளிர்சாதனப் பெட்டியின் கதவில்கூடக் காந்தம் என்று தொண்டை கிழியக் கத்துவேன். கடைசி வரிசை கொட்டாவி விடும்.

இந்த வருடம் நிலைமை தலைகீழ். நான் கண்டுபிடிப்பாளன் ஆகியிருந்தேன். களிம்பில் கலக்கிற வெள்ளைப் பொடி துத்தநாக ஆக்சைடு. அதற்கும் காந்தத்துக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அதை நான் ஒரு தனிப் பக்குவத்தில் சுட்டு, வில்லையாக அழுத்தி, காந்தமானியில் வைத்தேன். காந்தமாகாத பொருளுக்கு அந்தக் கருவி ஒரு நேர்கோடு போடும். காந்தமாகும் பொருளுக்கு ஒல்லியான வளையம் போடும். என் பொடிக்கு வளையம் விழுந்தது. நான் தரையில் நடப்பதை அன்றோடு விட்டேன்.

அதைப் பற்றிய என் கட்டுரை வெளிவந்ததும் துறைத்தலைவர் பெரிய அரங்கில் நான் பேச ஏற்பாடு செய்துவிட்டார். என் பேராசிரியர் பதவியைத் தீர்மானிக்கும் குழு முன்வரிசையில் உட்காரும். வீட்டில் என் மனைவி அந்த வளையத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வருகிறவர்களெல்லாம் அதைக் கத்தரிக்காய்ப் படம் என்று நினைத்தார்கள்.

பேச்சுக்கு முந்தின நாள் காலை செய்முறை வகுப்பு. என் பொடியையே மாணவர்களுக்கும் பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். பெருமையில் வேறு என்ன செய்வது? எல்லோரும் வளையம் வரைந்து கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. என் கட்டுரையைப் பார்த்து வரைந்திருப்பார்கள். பார்த்து வரைவதையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். ஒருத்தி மட்டும் நேர்கோடு கொடுத்திருந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து படிக்கிறவள். இந்தத் தாளில் தேறினால்தான் மோட்டார் ஆலையில் அவளுக்கு வேலை உறுதி. அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். சிவப்பு மையில், இரண்டு முறை வட்டமிட்டு.

"சார், நான் நாலு தடவை அளந்தேன். நாலு தடவையும் இப்படித்தான் வந்துது."

"நாலு தடவை தப்பாப் பண்ணினா அது சரியாயிடுமாம்மா? வா, காட்டுறேன்."

வகுப்பே கருவியைச் சுற்றிக் கூடியது. என் இடுக்கி மேசையில் ஒரு பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பு இடுக்கி, நுனி வளைந்தது. தொலையாமல் இருக்கட்டும் என்று அங்கேதான் வைப்பேன். அதைக்கொண்டு வில்லையை எடுத்து, உறிஞ்சு குழாய் மாதிரியான பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கிக் கருவியில் மாட்டினேன். திரையில் வளையம். கையை விரித்துக் காட்டினேன். சிலர் கைதட்டினார்கள்.

"சார், என் இடுக்கியால எடுத்துப் பாக்கலாமா? பிளாஸ்டிக்கு. முதல் வகுப்புல நீங்கதான் வாங்கச் சொன்னீங்க."

பெரிய மனசு பண்ணி அனுமதித்தேன். அவள் புது வில்லையை, புதுக் குழாயில் வைத்தாள். நேர்கோடு. கொஞ்சம் கீழே சரிந்த, யாருக்கும் தொந்தரவு இல்லாத நேர்கோடு.

"வில்லை சரியில்ல" என்றேன்.

"சரி சார். அப்ப வில்லையே வேண்டாம். காலிக் குழாயை உங்க இடுக்கியால மட்டும் பிடிச்சு வச்சுப் பாக்கலாமா?"

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலிக் குழாயை என் இடுக்கியால் நன்றாகக் கவ்வி மாட்டினேன். திரையில் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, என் வளையம் விழுந்தது. உள்ளே பொடி இல்லை. ஒன்றுமே இல்லை. நான் கண்டுபிடித்திருந்தது இடுக்கி உதிர்த்த இரும்புத் துகளைத்தான். காந்தமானி பக்கம் இரும்பைக் கொண்டு போகாதீர்கள் என்று வருடா வருடம் முதல் வகுப்பில் கரடியாகக் கத்துகிறவன் நான். பிளாஸ்டிக் இடுக்கி வழுக்குகிறது என்பதால் எனக்கு நானே சலுகை கொடுத்திருந்தேன்.

நடைகூடத்துக்குப் போய்த் துறைத்தலைவரைப் போனில் அழைத்தேன். முழுவதும் கேட்டார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"வகுப்புக்கு மட்டும்."

"பசங்கதானே, விடுங்க. நாளைக்குப் பேசிடுங்க. பதவி கைக்கு வரட்டும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு, மேற்கொண்டு ஆராயணும்னு ஒரு குறிப்பு எழுதிக்கலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். முகத்தைக்கூடச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சார், பரீட்சையில இந்தக் கேள்வி வந்தா என்ன வரையணும்? வளையமா, நேர்கோடா?"

குத்திக்காட்டுகிற கேள்வி இல்லை அது. எதை வரைந்தால் நான் மதிப்பெண் போடுவேன் என்று தெரியாமல் கேட்டாள். அந்த ஆலை வேலை என் ஒரு சொல்லில் இருந்தது. வளையம் என்று நான் சொன்னால் அவள் வளையம் வரைந்திருப்பாள், தன் கையால் நாலு தடவை அளந்த பிறகும். ஆயுள் முழுக்க அதை உண்மை என்று யாருக்காவது சொல்லியும் கொடுத்திருப்பாள்.

பலகையில் நேர்கோடு போட்டேன். சாக்கட்டி இரண்டாக உடைந்தது.

"இதுதான் சரி. என்னோடது தப்பு. இந்தம்மாவோடது மட்டும்தான் சரி, முழு மார்க்கு. மத்தவங்க எல்லாரும் மறுபடி அளந்துட்டு வாங்க."

அவள் சந்தோஷப்படவில்லை. எழுந்து நின்று, "சாரி சார்" என்றாள். எனக்குப் பூஜ்யம் போட யாரும் இல்லாத குறையை அந்த இரண்டு சொல் தீர்த்து வைத்தது.

திரும்ப நடைகூடத்துக்கு வந்து துறைத்தலைவரை அழைத்தேன்.

"நாளைக்குப் பேசறேன் சார். காலிக் குழாயைக் காட்டித்தான் பேசப் போறேன்."

"பதவி?"

"போச்சு சார்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன், பிள்ளைகள் வெளியே வருவதற்குள் கண்ணைத் துடைத்தாக வேண்டியிருந்தது.