சுவரில் ஏறிய நாய்கள்

குட்டிம்மா என்ற பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்துப்போவார்கள். வாசல் நிலை இடிக்காமல் இருக்க அவள் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். கணவர் அவள் தோளுக்குத்தான் வருவார். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடும்படி இருந்தாளாம். அப்பா வைத்த செல்லப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கணவர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ நடத்திவந்தார். ஒரு பக்கம் முடிவெட்டும் கடை, மறுபக்கம் செருப்புக் கடை, நடுவில் இவர்களுடைய இரண்டு அறைகள். முன்னறையில் விளக்குகளும் சாம்பல் நிறத் திரையும் இருந்தன. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் குட்டிம்மா. படம் எடுப்பது அவர் பாடு; எடுத்ததைச் சரிசெய்வது இவள் பாடு. ஒவ்வொரு படமாகத் திறப்பாள், வெளிச்சத்தைக் கூட்டுவாள், ஓரத்தை வெட்டுவாள், மூலையில் கடைப் பெயரைப் பதிப்பாள், சேமிப்பாள், மூடுவாள். அதோடு முடிந்ததா? அடுத்த படம் காத்துக்கொண்டிருக்கும். கணவர் எந்தெந்த ஊருக்கோ போய்ப் படம் எடுத்துவந்தார். இவள் அந்த ஊர்களையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்தாள்.

அந்த வாரம் அவர் போனது நாய்க் காப்பகத்துக்கு. தன் கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரித்துவந்த பெண்மணியை எல்லோரும் நாய் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மண்டபத்தில் நாய்களின் படங்களை மாட்டிவைத்து, விரும்புகிறவர்களுக்கு வளர்க்கக் கொடுப்பதாக ஏற்பாடு.

“கொஞ்சம் படம்தான்” என்று சொல்லிக் கணவர் கேமரா கார்டை மேசைமேல் வைத்தார்.

குட்டிம்மா திறந்து பார்த்தாள். உருட்ட உருட்டப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. “இதுதான் கொஞ்சமா?”

“ஒவ்வொண்ணும் ஒரு அழகு. எதை விடறதுன்னே தெரியலை” என்றார் அவர், குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மதியம் நாத்தனார் வந்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணியை வம்புக்கு இழுக்காமல் போனால் அவளுக்குச் செரிக்காது.

“அண்ணி, இன்னுமா ஒண்ணொண்ணா பண்ணிட்டு இருக்கீங்க? எங்க ஆபீஸ்ல மொத்தத்தையும் ஒரே தட்டுல முடிச்சிடுவோம். தள்ளுங்க, நான் அந்தச் சாஃப்ட்வேரைப் போட்டுத் தர்றேன்.”

“மெஷின்கிட்ட குடுத்தா மெஷின் மாதிரிதானே பண்ணும்?”

“நீங்க சொல்றதைத்தான் அது பண்ணும். முதல்ல சொல்லிப் பாருங்க.”

சாஃப்ட்வேரை ஏற்றப் போனால், இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், கணவர் எடுத்த ரயில் வீடியோக்கள். ரயில் வரும், ரயில் போகும், அடுத்த ரயில் வரும்.

“அதுல கை வைக்காதீங்க!” முன்னறையிலிருந்து ஓடிவந்தார்.

“ரயிலுக்கு வேற தண்டவாளம் போட்டுக்குங்க அண்ணா” என்று நாத்தனார் ஒரு ஹார்டு டிஸ்கை அவர் கையில் திணித்தாள். ரயில்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிய பிறகு, புது சாஃப்ட்வேர் நல்லபிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்தது.

“இங்க பாருங்க. இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டு ஒரு படத்துல உங்க வேலையைச் செய்யுங்க. அது பாத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் மிச்சப் படத்துக்கெல்லாம் அதையே செஞ்சிடும். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, முடிச்ச படத்தைப் புது ஃபோல்டர்ல போடச் சொல்லணும். பழசு மேலயே போட்டுச்சுன்னா அசல் படம் அம்பேல்!” சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று பறந்துவிட்டாள்.

மறுநாள் காலை குட்டிம்மா தனியாக உட்கார்ந்தாள். புது ஃபோல்டரை மறக்காமல் குறித்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கி முதல் படத்தைத் திறந்தாள். பழுப்பு நிற நாய்; கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்ததால் படம் படுத்துக்கிடந்தது. கைப்பழக்கத்தில் அதை நிமிர்த்தினாள், வெளிச்சம் கூட்டினாள், ஓரம் வெட்டினாள், கடைப் பெயரைப் பதித்தாள். பிறகு, கடவுள்மேல் பாரத்தைப் போட்டு, மொத்தத்தையும் ஓடவிட்டாள்.

படங்கள் திரையில் சீட்டுக்கட்டு மாதிரி சரசரவென்று விழுந்தன. அவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்தாள்.

முதல் நாயும் அதைப்போல் படுத்துக்கிடந்த சிலதும் மட்டும் ஒழுங்காக நின்றன. மற்றதெல்லாம் செங்குத்தாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஒரு படத்தை நிமிர்த்தியதை அந்தச் சமர்த்து எல்லாப் படத்துக்கும் செய்துவைத்திருந்தது. அவசரமாகப் பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். நல்லவேளை, அசல் படங்கள் பத்திரமாக இருந்தன.

போன உயிர் திரும்பியதும் சிரிப்பு பீறிட்டது. சத்தம் கேட்டுக் கணவர் ஓடிவந்தார்.

“இவனைப் பாருங்க! படியில்லாமலே மாடிக்குப் போறான்!”

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இந்தக் குண்டு எப்படிடி விழாம நிக்குது?” என்றார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் கத்தரியும் கையுமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை அவள் படுத்துக்கிடந்த படங்களைத் தனியே ஒதுக்கிவைத்துக்கொண்டாள். இப்போது எல்லா நாய்களும் தரையில் நின்றன. ஆனால் வெளிச்சம் வாலாட்டியது. பழுப்பு நாய்கள் பளிச்சென்று இருந்தன. வெள்ளை நாய்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போயின. கறுப்பு நாய்களில் நாக்கு மட்டும்தான் தெரிந்தது. விடுவாளா அவள்? நிறத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்தாள். வெள்ளைக்குக் கொஞ்சம் குறைத்து, கறுப்புக்குத் தாராளமாகக் கூட்டி, தனித்தனியாகச் செய்துகாட்டி ஓடவிட்டாள்.

கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். “மவுஸை விடேன். அது என்ன ஓடியா போயிடும்?”

டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவள் விடவில்லை, ஒவ்வொரு படத்தையும் பார்த்து, பிசகிய சிலதைக் கையால் திருத்தினாள். அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கைகளை மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

பாதியாவது ஆகியிருக்குமா என்று கேட்க வந்த நாய் டாக்டர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “ஐயோ, நம்ம கரியனா இது! இவனுக்குக் கண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுது!” என்று குட்டிம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் படத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கியது. “தாத்தாவுக்கு மட்டும் வால்தான் விழுந்திருக்கு, இல்லையா?”

தாத்தா என்பது காப்பகத்திலேயே வயதான நாய். மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு கடைசிவரை வெளியே வரவில்லை என்று கணவர் சொன்னார்.

“நான் வர்றேன் டாக்டர். எனக்குத்தான் இன்னிக்கு வேலையே இல்லையே.” சொன்ன பிறகுதான் குட்டிம்மாவுக்கே அது காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

காப்பகத்தில் பினாயில் வாசனை அடித்தது. பரிசோதனை மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி, தாத்தா சுருண்டு கிடந்தது. கணவர் அங்கே விசில் அடித்தாராம், பிஸ்கட் காட்டினாராம். இவள் கேமராவை எடுத்துக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்துவிட்டாள். கால் கதவைத் தாண்டி நடைவரை போனது. தட்டுகளோடு வந்த ஆயா அதைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. அவள் நாயைக் கூப்பிடவில்லை.

“உனக்கும் இடுப்பு வலியா? எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. உனக்கு எப்படி?” என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சு வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நரைத்த மூக்கு ஒன்று நகர்ந்து வந்தது. அவள் முழங்கையை மோந்து பார்த்து, அதன்மேலேயே தாடையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவள் மறு கையால் கேமராப் பொத்தானை அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கரியனுக்காக இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நின்றன. தாத்தாவின் படத்தின் முன் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

“இது குலைக்கவே குலைக்காதுன்னு போட்டிருக்கே, நிஜமாவா?” என்று குட்டிம்மாவிடம் கேட்டார்.

“நல்லாக் கேட்டுக்கும். பதில்தான் சொல்லாது.”

“அப்போ சரி. நான் வேலை பண்ணும்போது பேசிட்டே இருப்பேன். வீட்டுல எல்லாரும் எழுந்து போயிடறாங்க.”

தாத்தா அவர் பின்னால் மெதுவாக நடந்து போனது. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். குட்டிம்மாவுக்குச் சந்தோஷத்தில் யாரையாவது கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த நாத்தனாரை அப்படியே அள்ளித் தரையிலிருந்து தூக்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் சொன்னார்: “அடுத்த வாரம் நீச்சல் குளத்துல போட்டி நடக்குது. என்கூட நீயும் எடுக்க வர்றியா?”

“வர்றேனே. தண்ணிக்குள்ள இருந்து எடுக்கறதுக்குன்னு கேமரா இருக்குமாமே?”

“அது சரி. உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. கத்துக்கறேன்” என்றாள் குட்டிம்மா.