தூக்காதே, இழு

சேர்ந்து வாங்கிய பொருளைப் பிரித்துக்கொள்வதில் என் கணவர் கோர்மும் அவருடைய அண்ணன் தாகேயும் கெட்டிக்காரர்கள். பலகை முனைகளைப் புறா வால் வடிவில் வெட்டிக் கோக்க உதவும் இரும்புச் சீப்புச் சட்டம் எங்கள் வீட்டில் தங்கியது. அதற்கென்றே சரிவு வைத்த வெட்டுமுனையை, அதாவது பிட்டை, சண்டை வந்த அன்று அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு.

சண்டைக்குக் காரணமும் அந்தப் பிட்தான். அது அடியில் அகலம், மேலே குறுகல். வெட்டி முடித்ததும், அதைச் சுழற்றும் ரவுட்டர் மெஷினைப் படுக்கையாக இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். கோர்ம் அவசரத்தில் மேலே தூக்கிவிட்டார். சீப்பின் ஓரப் பல்லில் ஒரு கடி விழுந்தது. அண்ணன் கத்தினார், தம்பி திருப்பிக் கத்தினார். இலையுதிர் காலத்தில் நடந்தது இது. கிறிஸ்துமஸுக்குக்கூட அண்ணன் வரவில்லை. எங்கள் யூட்லாண்டுப் பக்கத்து ஆட்களுக்குப் பேச்சு குறைவு, வீம்பு அதிகம்.

எனக்கோ, அவர்கள் செய்யத் தொடங்கிய இழுப்பறைகள் நின்றுபோன சமையலறை, வாளிக்குள் கரண்டிகள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் காலியாக நின்ற அண்ணனின் நாற்காலியைத்தான் பார்க்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் கோர்ம் வேறொரு பிட்டை மாட்டி இரண்டு துண்டுகளை வெட்டிப் பார்த்தார். சரிவு ஒத்துவரவில்லை. கோத்ததும் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதைச் சாக்காக வைத்து அண்ணனுக்குப் போன் செய்தார்.

தாகே வந்தார். வணக்கமெல்லாம் இல்லை. துண்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்னடா, இணைப்பா ஜன்னலா?”

“உன் பிட்டு இல்லாம வேற எப்படிண்ணா வரும்? கடையிலயும் கிடைக்கல.”

“ஆடுச்சுன்னா பிட்ட இன்னும் கீழ இறக்கணும். அதையும் நான்தான் வந்து சொல்லணுமா?”

“நீதான் வந்து சொல்லணும்.”

தாகே பையிலிருந்து தன் பிட்டை எடுத்து மாட்டி, மயிரிழை இறக்கினார். மெஷின் இரைந்தது. “தூக்காத, இழு!” என்று அவர் போட்ட சத்தம் சமையலறை வரை வந்தது.

காபித்தூள் தீர்ந்திருந்தது. புதுப் பொட்டலம் எடுக்க அலமாரிக்குள் கையை விட்டேன். பின்னால், உறை பிரிக்காத புத்தம்புதுப் பிட் ஒன்று இருந்தது. அளவும் சரிவும் அப்படியே அண்ணனுடையது. சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளிவைத்தேன்.

முதல் இழுப்பறையின் இணைப்பு இந்த முறை ஆடவில்லை, சுத்தியலால் தட்டிய பிறகுதான் இறங்கியது. தாகே தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, காபியோடு இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டியையும் முடித்தார். பிறகு எழுந்துபோய்ப் பிட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னும் மூணு இழுப்பறை பாக்கி இருக்கேண்ணா.”

“தெரியும்டா. இத விட்டுட்டுப் போனா நீ மறுபடியும் தூக்குவ. நாளைக்கு நானே கொண்டாறேன். காபி இன்னும் கொஞ்சம் திக்கா போடு, தோரா.”

“வாண்ணா,” என்றார் கோர்ம், என் முகத்தைப் பார்க்காமல். “உன் பிட்டு இல்லாம இங்க ஒரு வேலையும் ஓடாது.”