பன்னிரண்டாவது நெல்லி

"அம்மா, இந்த மரத்துக்கு மூச்சு முட்டாதா?"

ஹந்தானை மலைச்சரிவில் உண்ணிச்செடிப் புதர் மூடிக் கிடந்த நெல்லி மரமொன்றைக் காட்டி, பாலம்மாவின் மகள் சீதா நாலு வயதில் கேட்டாள்.

இப்போது அந்தச் சரிவிலேயே பாலம்மாவுக்குப் புதர் வெட்டும் வேலை. புதர் போனால் புல் திரும்பும், புல்லுக்கு நடுவே நெல்லி தழைக்கும் என்றார்கள்.

"இவ கத்தியக் கண்டா மலையே வழிவிடுதுடி!" என்று கூட வேலை செய்த வேலாயி கேலி செய்தாள். அந்த உற்சாகத்தில் பாலம்மா, சிவப்புத் துணி கட்டியிருந்த நெல்லிக்கன்று ஒன்றையும் சாய்த்துவிட்டாள். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் சிவப்பு அடையாளம் இட்ட மரம் வெட்டவேண்டிய மரம்.

பின்னேரம் மேற்பார்வையாளர் முனாப் எல்லோரையும் கூப்பிட்டார்.

"சிவப்புத் துணி கட்டினது பன்னெண்டு நெல்லிக்கண்டு ஈக்கி. அதுல கை வைக்க வாணாம். நாளைக்கு அதிகாரி சேர் வந்து எண்ணுவார். குறைஞ்சா, வெட்டின ஆளுக்கு வேல இல்ல."

சாய்ந்த கன்று புதர்க்குவியலுக்குள் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை. பாலம்மா அதிலிருந்த துணியை மட்டும் அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை வேலைக்குப் போன பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்வரை அவள் வாயில் முருகன் பெயரைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

மலையேறியதும் நேரே முனாப்பிடம் போனாள்.

"முனாப் நானா, ஒண்ண நான்தான் வெட்டிட்டேன். எங்க தோட்டத்துல செவப்புன்னா வெட்டுறதுங்க."

முனாப் தாடியைத் தடவினார்.

"வேல தொடங்க முந்தி சொல்லாதது என்ட பிழை. நீ போய் வேலையப் பாரு, தங்கச்சி."

அதிகாரி எண்ணினார். பதினொன்று. "நான் வெளங்கப்படுத்தாம விட்டுட்டன், சேர்" என்ற முனாப்பின் குரல் பாலம்மா நின்ற இடம்வரை கேட்டது. ஆறு மாதத்தில் திரும்பி வருவேன், அதற்குள் அந்த அடிக்கட்டை துளிர்க்காவிட்டால் உனக்கு மேற்பார்வை வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

தன் வேலை தப்பியதே என்று பாலம்மாவால் ஆறுதல்பட முடியவில்லை. இப்போது அந்த மனிதரின் சோறு ஒரு கட்டையில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை முனாப் ஜும்மா தொழுகைக்கு டவுனுக்கு இறங்கினார். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் பாலம்மா கத்தியோடு மேலே போனாள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதுபோல, மழைநீர் தேங்கி அழுகாதபடி கட்டையின் தலையைச் சரிவாகச் சீவினாள். சுற்றியிருந்த உண்ணிவேரைப் பிடுங்கினாள். தன் போத்தலில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினாள்.

ஒவ்வொரு வெள்ளியும் போனாள். வெயில் கொளுத்தியது. நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். ஆனால் துளிர் இல்லை. "மூச்சு முட்டுதா சாமி?" என்று கட்டையிடமே கேட்பாள்.

ஒன்பதாவது வெள்ளியன்று பட்டையில் கடுகளவு வெடிப்பு. அதற்குள் பச்சை.

அதிகாரி வருவதற்கு முந்திய வெள்ளியன்று துளிர் முழ உயரம் நின்றது. பாலம்மா மடியை அவிழ்த்து, இத்தனை நாள் பத்திரப்படுத்திய சிவப்புத் துணியை எடுத்தாள். இளந்தண்டு நோகாதபடி தளர்வாகக் கட்டினாள். முனாப் மலையேறி வருவதற்குள், வெறும் போத்தலோடு இறங்கி வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தாள்.