கிணற்றுப் பாட்டு விற்ற விதம்

ஆதெமாரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள்.

எங்கள் சனிக்கிழமைச் சந்தையில், முந்திரி மரத்து முனையில், அவனும் நானும் பாட்டுப் புத்தகம் விற்றோம். சொந்தமாகக் கதை கட்டி, மெல்லிய புத்தகமாக அச்சடித்து, துணி காயப்போடுவதுபோல் கொடியில் தொங்கவிட்டு விற்கிற தொழில். கூட்டத்துக்குப் பாடிக் காட்டுவோம். உச்சக்கட்டத்தில் நிறுத்திவிடுவோம். முடிவு தெரிய வேண்டுமென்றால் வாங்க வேண்டும் என்பது எங்கள் பெர்னாம்புகோ மாநிலத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆதெமாருக்கு மட்டும் அது போதாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, போகிறவன் சட்டையை இழுக்காத குறையாக, "வாங்கு, வாங்கு" என்று தொண்டை கிழியக் கத்துவான். நான் பாட்டை நிறுத்துவேன், புத்தகத்தை மூடுவேன், ஓர் ஆரஞ்சை எடுத்து உரிப்பேன். வாங்கு என்று என் வாயிலிருந்து வராது. கர்வம் என்பார்கள். ஆமாம், கர்வம்தான்.

"வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும், ஜசீரா. நீ இப்படி ஊமைக்கோட்டானாட்டம் உக்காந்திருந்தா ஈதான் வந்து வாங்கும்" என்பான்.

"பூக்கடைக்கு எதுக்குய்யா விளம்பரம்?"

"பூக்கடைன்னா வாசம் அடிக்கணும். உன் கடையில அச்சு மைதான் நாறுது."

பிறகு அவன் போய்ச் சந்தையை மேற்பார்வை பார்க்கிற லூர்தெஸ் அக்காவிடம் புகார் வைத்தான். ஒரே முனையில் இரண்டு கவிகள் ஒத்துவராதாம். அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

"அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பேன். யாரைச் சுத்திக் கூட்டம் நிக்குதோ அவங்களுக்கு முனை. இன்னொருத்தர் கசாப்புக் கொட்டகைக்குப் பின்னாடி போயிடணும்."

கொட்டகைக்குப் பின்னால் என்றால் ரத்த வாடையும் ஈயும்தான். ஆள் நடமாட்டமே கிடையாது. அங்கே தள்ளப்பட்ட தோடு விற்கிறவள் ஒரே மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்க ஆளில்லாத இடத்தில் என் பாட்டு செத்துப்போகும். வேறு தொழில் எனக்குத் தெரியாது. அந்த வாரமே புதுப் பாட்டு ஒன்றைக் கட்டி, நாங்கள் இருவரும் அச்சடிக்கிற அதே அச்சுக்கூடத்தில் கொடுத்தேன்.

சனிக்கிழமை அதோடு போனேன். பஞ்சத்தில் தனியாகக் கிணறு வெட்டுகிற ஒரு விதவையின் கதை. அவள் ஆழத்தில் நின்று தோண்டுகிறாள். தண்ணீர் கண்டால் அது தனக்கே என்று சொன்ன பண்ணையார், மேலே அவள் இறங்கிய கயிற்றில் கத்தியை வைக்கிறான். அங்கே நிறுத்தினேன். புத்தகத்தை மூடிவிட்டு ஆரஞ்சை எடுத்தேன். பல கைகள் பைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பாவி மைக்கைத் திறந்தான்.

"யாரும் வாங்க வேணாம், நானே சொல்லிடுறேன். கயித்த அறுப்பான், தண்ணி ஏறும், அவ அதுல மிதந்து மேல வந்துருவா. அவ்ளோதான் கதை."

உரித்த ஆரஞ்சை அவன் மூஞ்சியில் எறியலாமா என்று பார்த்தேன். பைக்குள் போன கைகள் வெறுமனே வெளியே வந்தன.

மாவு மூட்டை சுமந்த ஒரு கிழவன் மட்டும் அவனைப் பார்த்துக் கேட்டான். "உனக்கெப்படித் தெரியும்?"

"அச்சுக்கூடத்துல படிச்சேன்."

"படிச்சவன் பாட்டா சொல்லேன். சும்மா சொன்னா யாருக்கு வேணும்?"

ஆதெமார் இளித்தான். என்னைக் கேலி செய்ய வேறு நல்ல வாய்ப்பு கிடைக்குமா? மூக்கால் என் குரலை இழுத்துப் பாட ஆரம்பித்தான்.

"கயிற்றை அறுத்தீர் பண்ணையாரே,
கைகொட்டி மேலே சிரித்தீரே..."

சிரித்தார்கள். ஆனால் அவன் என்னதான் அயோக்கியனாக இருந்தாலும் கவி. மூன்றாம் அடியில் மூக்குக் குரல் தானாகவே போய்விட்டது.

"வயிற்றுக் கென்று வெட்டிய கிணறு
வாய்வரை நிறைந்து வருகுது பாரும்;
உயிரைச் சுமந்து தண்ணீர் வருது,
உம்மால் அறுந்த கயிறு எனக்கெதற்கு?"

யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி" என்றான் கிழவன். என் பக்கம் நின்றவர்களெல்லாம் மைக்குப் பக்கம் நகர்ந்தார்கள். ஆதெமார் மறுபடியும் பாடினான், இந்த முறை ஒழுங்காக. லூர்தெஸ் அக்கா சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள்.

"முனை ஆதெமாருக்கு" என்றாள்.

"அக்கா, அது என் பாட்டு. அவன் வாயில இருக்கிறது என் பாட்டு."

"யார் பாட்டா இருந்தா எனக்கென்ன? கூட்டம் எங்க நிக்குதோ அதைத்தானே பார்ப்பேன்னு சொன்னேன்."

ஆதெமார் கையைக் கட்டிக்கொண்டு நான் கொடியை அவிழ்ப்பதை வேடிக்கை பார்த்தான். வழியெல்லாம் அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குப் பின்னால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறுவதற்குள் ஒரு பெண் வந்து கிணற்றுப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டாள். பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் ஒரு குடும்பமே வந்தது.

"இந்தச் சந்துல நான் இருக்கேன்னு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"முனையில மைக்கு வச்சிருக்கானே, அந்த ஆளுதான். கேட்டதுக்கு நாய் மாதிரி வள்ளுன்னு விழுந்தான்."

கடையை அப்படியே போட்டுவிட்டு முனைக்கு ஓடினேன். மாவு மூட்டைகளின் மறைவில் நின்று பார்த்தேன். ஆதெமார் தன் சொந்தக் கதையைப் பாடிக்கொண்டிருந்தான்.

"அதை விடுய்யா, கிணத்தப் பாடு" என்று ஒருவன் குறுக்கே கத்தினான்.

ஆதெமார் கேட்காத மாதிரி தொடர்ந்தான். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வேறு வழியில்லாமல் கிணற்றைப் பாடினான், போனவர்கள் திரும்பி வந்தார்கள். பாடி முடித்ததும் ஒரு பெண் அவன் கொடியிலிருந்த புத்தகங்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

"இதுல எது அந்தப் பாட்டு?"

அவன் பல்லைக் கடித்தான். கையில் மைக் திறந்தே இருந்தது மறந்துபோயிருக்க வேண்டும்.

"எங்கிட்ட இல்ல. கசாப்புக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு திமிர் பிடிச்சவ இருக்கா. ஜசீரான்னு பேரு. அங்க போய் வாங்கிக்க."

சந்தை முழுவதும் கேட்டது.