ஞாயிற்றுக்கிழமை ஓடிய நாற்காலி

இராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து நோயாளிகளை நாகர்கோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக மூன்று தர்மசங்கங்கள் கூட்டுச் சேர்ந்தபோது, மருத்துவச்சி நேசபாய் சந்தோஷப்பட்டாள். அது அவள் செய்த பிழை.

வில்வண்டி மிஷன் சபைச் சங்கத்தினுடையது. காளைகள் கடற்கரை மாதா சபை கொடுத்தவை. வண்டிக்காரன் வைகுண்டராஜன் தலைவராக இருந்த சமாஜத்து ஆள். மூன்று சங்கங்களும் சேர்ந்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: கூட்டத் தலைவருக்கென்று, முதுகு சாய்ந்த பெரிய தேக்கு நாற்காலி.

அதில் யார் உட்காருவது என்பதுதான் அன்றைய கூட்டத்தின் பேச்சு. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் தோற்றதாகிவிடும் என்று தலைவர்கள் மூவரும் மத்தியானம் முதல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நேசபாய் மூச்சிரைக்க வந்தாள். "கிளாராவுக்குப் பிள்ளை குறுக்க கிடக்கு. என் கையில நிக்காது. வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

"இன்னைக்கு ஞாயிறுல்லா," என்றார் மிஷன் சங்கத்துத் தங்கையன் வாத்தியார். "ஓய்வுநாள்ல எங்க வண்டி ஓடாது. ஒப்பந்தத்துல முதல் நிபந்தனையே அதுதான்."

"எங்க மாடு சும்மாதான் நிக்கி," என்றார் மாதா சபை ஞானதாசன்.

"எங்க ஆளும் தயார்," என்றார் வைகுண்டராஜன். "கொறை எங்க பக்கம் இல்லேன்னு குறிப்புல எழுதணும்."

"அப்போ அவள மாட்டு முதுகுல கெடத்தட்டா, அண்ணாச்சி?"

"கோவப்படாத மக்கா," என்றார் வாத்தியார். "தலைவர்னு ஒருத்தர் இருந்தா அவசரத் தீர்மானம் போடலாம். அதுதான் இன்னும் முடிவாகல்ல."

மறுபடி பேசத் தொடங்கினார்கள். நேசபாய் நாற்காலியின் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"இந்த நாற்காலி யாருக்க?"

"மூணு பேருக்கும் பொது." அன்று மூவரும் ஒத்துச் சொன்னது அது மட்டுமே.

"ஞாயித்துக்கிழமை இது ஓடக்கூடாதுன்னு நிபந்தனை உண்டுமா?"

யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

ஞாயிறு என்பதால் கரையில் யாரும் கடலுக்குப் போகவில்லை. கிளாராவின் மாப்பிள்ளை ஏசுஅடிமையும் கூட்டாளிகளும் நாற்காலியில் இரண்டு மூங்கில்களைக் கட்டி, அவளைச் சாய்த்து வைத்துத் தோளில் தூக்கினார்கள். வலி சற்றே விட்ட நேரத்தில் கிளாரா கேட்டாள்: "அக்கா, இப்போ நான்தான் தலைவியா?"

"பேசாத ஏட்டி. தலைவி பேசினா கூட்டம் நீளும்."

ஆசுபத்திரி வாசலில் இறக்கும்போது, கூடவே நடந்து வந்த நேசபாயின் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கிளாரா பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி திரும்பி வந்தது. எவ்வளவு தேய்த்தும் இரத்தக் கறை போகவில்லை.

"நீங்க இரிங்க."

"மூத்தவர் நீங்கல்லா, நீங்க இரிங்க."

மூவரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு நின்றார்கள். கொப்புளம் ஆறாத காலோடு நேசபாய் நடந்துபோய் அதில் உட்கார்ந்தாள்.

"தலைவர் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை வண்டி ஓடும்னு தீர்மானத்த எழுதுங்க. அதுவரைக்கும் நான் எழும்பமாட்டேன்."