பந்தைப் பார்க்க வேண்டாம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கரண்டிச் சோற்றில் தொடங்கியது.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் நான் வழக்கமாகச் சாப்பாடு எடுக்கும் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். நெட்டை, செம்பட்டை முடி, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, சட்டையில் ஏதோ உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம். கடைக்கார இரத்தினவேல் அண்ணை அவனுடைய பெட்டியில் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டார். அடுத்த கரண்டி வரும்போது பொடியன் கையைக் குறுக்கே நீட்டி, ஆங்கிலேயன் என்று அப்பட்டமாகத் தெரிகிற உச்சரிப்பில், "காணும் அண்ணை," என்றான்.

காணும்! "போதும்" என்றால் இணையத்தில் படித்திருக்கலாம். ஆனால் "காணும்" என்பது ஒரு வீட்டுக்குள் இருந்து, தட்டுக்கு மேலே கையை விரித்துத் தப்பப் பார்த்தவனுக்கு மட்டுமே வரும் சொல். எந்த வீடு? யார் அவனுக்கு அவ்வளவு சோறு போட்டது? வெளியே ஓடிப்போய் அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. நான் என்னுடைய மீன்குழம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள். எழுதிக் கைவிட்டவை கீழே கிடக்கின்றன, மிதிக்காமல் வாருங்கள்.

[ரொறன்ரோவின் பனிபடர்ந்த காலையொன்றில், கனவுகளைச் சுமந்தபடி விமானத்திலிருந்து இறங்கிய அந்த இளைஞன்—]

வேண்டாம். கனவுகளைச் சுமந்து இறங்கியவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் ஏற்கெனவே அலுமாரி அலுமாரியாக எழுதிவிட்டார்கள். இவன் சுமந்து வந்தது விளையாட்டுச் சப்பாத்துகளை.

[அல்ஃபி இடதுபக்க முன்னணி வீரன். இடதுபக்கம் விளையாடுபவனின் தனிமை எத்தகையது என்றால்—]

எனக்கே கொட்டாவி வந்தது.

[நாகேஸ்வரி மேலே இருந்து கத்தினாள்: "மனே! சாப்பிட்டயா?"]

ஆ, இது. இந்தக் குரல் வந்ததும் கீழே படுத்திருந்த அல்ஃபி எழுந்து உட்கார்ந்துவிட்டான். நானும்தான்.

3

நாகேஸ்வரி கல்லடிக்காரி. மட்டக்களப்பை விட்டு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது, ஆனால் பிள்ளைகளை "மனே" என்று கூப்பிடும் வாய் மட்டும் இன்னும் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மில்லிக்கனில் வீடு. காலையும் பின்னேரமும் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து கீழ்த்தள பேஸ்மன்ற் வெறுமையாகக் கிடந்தபோது, கழகத்தின் ஏற்பாட்டில் அங்கே குடிவந்தவன் அல்ஃபி. இங்கிலாந்தில் கிறிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுகத்துப் பிள்ளை. வயது இருபது.*

* அல்ஃபி பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன். கிறிம்ஸ்பித் தமிழ் எப்படி இருக்கும் என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

நாகேஸ்வரியின் கணவர் சாமித்தம்பியை இரண்டாவது வரைவில் வெட்டியெறிந்தேன். அவர் கதையில் ஒரு வேலையும் செய்யவில்லை, செய்திதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகை அலாரத்துக்குக் கீழே கதிரை போட்டு ஏற ஓர் ஆள் தேவைப்பட்டது. திரும்பக் கூப்பிட்டேன். மனிதர் கோபிக்கவில்லை, "தேத்தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இனி விஷயம். அல்ஃபியை எட்டு வயதிலிருந்து வளர்த்த இங்கிலாந்துக் கழகம் பதினெட்டு வயதில் கைகழுவிவிட்டது. கடல்தாண்டி அவனைக் கூப்பிட்டது ரொறன்ரோவின் இந்தச் சின்னக் கழகம் மட்டும்தான். அதுவும் தற்காலிக ஒப்பந்தம். பாதி ஆட்டங்களில் ஆடாமல் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான், மீதி ஆட்டங்களில் ஓடினான், ஒரு கோல் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வைத்து முடிவு சொல்வதாகப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். வைத்துக்கொண்டால் இரண்டு வருடம். இல்லாவிட்டால் கிறிம்ஸ்பியில் மாமாவின் மீன் குளிர்களஞ்சியம், அதோடு உதைபந்தாட்டம் சரி, முடிந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அவன் மேலே வந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். நாகேஸ்வரி இன்னொரு அகப்பை போட்டாள். "காணும்" என்று சொல்லவில்லை. அதற்கு மேலும் போட்டாள். அப்போதும் சொல்லவில்லை. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

4

"இது கண்ணூறுதான்," என்றாள் நாகேஸ்வரி. "இந்த உயரம், இந்தத் தலமயிர், மான்குட்டி மாதிரி ஓட்டம். ஊர்க்கண்ணெல்லாம் பட்டிருக்கும். இரு மனே, சுத்திப் போடுறன்."

இளைய மகள் தக்ஷிகா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அம்மா, நோ. சீரியஸ்லி. லாஸ்ற் ரைம் ஃபயர் றக் வந்தது. ஸ்றீற் முழுக்க வெளியில நிண்டு பாத்தது."

"அப்பா அலாரத்துப் பற்றியக் கழட்டுவார்."

சாமித்தம்பி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதிரையில் ஏறினார். (சொன்னேனே, தேவைப்படுவார் என்று.)

தக்ஷிகா அல்ஃபிக்கு விளக்கினாள். செத்தல் மிளகாயையும் உப்பையும் ஆளைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். யாருடைய கண்ணாவது பட்டிருந்தால் மிளகாய் காறாது, நெடியே வராது. கண்படாதவன் என்றால் வீட்டில் எல்லோரும் இருமிச் சாகவேண்டியதுதான். அல்ஃபி மரியாதையான பிள்ளை. எழுந்து நேராக நின்றான், தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல.

நாகேஸ்வரி கையை மூடி மூன்று தரம் சுற்றினாள். துப்பச் சொன்னாள், துப்பினான். கொதித்த சட்டியில் போட்டாள்.

ஐயோ, அந்தக் காறல்! தக்ஷிகா கத்திக்கொண்டு யன்னலைத் திறந்தாள். சாமித்தம்பி கதிரையிலேயே நின்று பற்றியும் கையுமாக இருமினார். அல்ஃபி கண்ணீரும் மூக்குமாகப் பின்வளவுக்கு ஓடினான். நாகேஸ்வரி மட்டும் அடுப்படியை விட்டு அசையவில்லை. முகம் விழுந்துபோய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காறுது," என்றாள்.

"அப்ப கண்ணூறு இல்ல. குட்தானே அம்மா?"

"என்ன குட்? ஒரு கண்ணும் படல்ல. இத்தனை மாசமா ஓடுறான், பிள்ளைய ஒருத்தரும் பாக்கல்ல!"

வளவில் முகம் கழுவிக்கொண்டிருந்த அல்ஃபிக்குத் தக்ஷிகா முடிவை அறிவித்தாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது," என்றான். "கிறிம்ஸ்பியில் அம்மாவுக்கு இரவு வேலை, நான் விளையாடும் நேரம் அவர் மீன் பெட்டி கட்டுகிறார். இங்கே வருகிற சனமும் பாதி போனைப் பார்க்கும். பயிற்சியாளர் இன்னும் என்னை ஆர்ச்சி என்றுதான் கூப்பிடுகிறார்."

பஸ் ஓட்டுகிறவளுக்குத் தலைக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அதில் எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இவன் தன் வீட்டுக்குள்ளேயே இருந்தும் தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

[இந்த இடத்தில் புலம்பெயர்ந்தவனும் பார்க்கப்படுதலும் என்று இரண்டு பக்கம் கட்டுரை எழுதியிருந்தேன். பார்க்கப்படாத உடல் என்பது ஒரு— ]

நாகேஸ்வரி அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். கட்டுரையை மூடி வைத்தேன்.

5

மட்டக்களப்பு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று விழுந்த குரல்பதிவு இது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. (எல்லாமே நான் இட்டுக்கட்டியவை, ஆகவே மாற்றவில்லை.)

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எங்கட பேஸ்மன்ற் பிள்ளைக்கு மெச். டிக்கற் நீங்க எடுங்க, சாப்பாடு நான் தாறன். பந்து விளையாட்டு விளங்காதெண்டு சொல்லாதீங்க, எனக்கும் விளங்காது. பந்தப் பாக்க வேணாம். பிள்ளையப் பாருங்க. கண்வெட்டாமப் பாருங்க. பொறாமையாப் பாத்தாலும் பறவாயில்ல, சுத்திப்போட நான் இருக்கன்."

பிறம்ரனிலிருந்து கௌசி பதில் போட்டாள். அவள் யாழ்ப்பாணம், நாகேஸ்வரியோடு முன்பு ஒன்றாக பஸ் ஓட்டியதால் குழுவுக்குள் வந்தவள். "நாகேஸ் அக்கா, நாங்கள் ரெண்டு கார் வாறம். சாப்பிட ரோல்ஸ் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப மூண்டு கார்."

இந்த வரைவை வாசித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் ஐசே வெள்ளைப் பொடியன்? எங்கட பொடியன் ஒருத்தனைப் போடன்." நியாயம்தான். ஒருநாள் முழுக்க அவனுக்குக் கீதன் என்று பெயர் வைத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்துக்கே ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், பொன்னாடையோடு வர்த்தகர் எல்லோரும் வந்து நிறைந்துவிட்டார்கள். மிளகாய் காறவே இல்லை. கதை படுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக் கீதனை அனுப்பிவிட்டு அல்ஃபியைத் திரும்ப அழைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். (கதை என்னுடையது, மழை பெய்ய விடமாட்டேன்.)

ஐம்பது பேர் இருப்பார்கள். இடதுபக்க எல்லைக்கோட்டுக்கு நேரே, தலையில் சால்வை, மடியில் ரோல்ஸ் பெட்டி, சிலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. ஊதல் ஒலித்தது. பந்து வலதுபக்கம் ஓடியது. மைதானத்தில் எல்லாத் தலைகளும் வலதுபக்கம் திரும்பின, இந்த ஐம்பதைத் தவிர. அவை அல்ஃபியிலேயே நின்றன. அவன் நடந்தால் நடந்தன. சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தால் குனிந்தன. பந்து வலதுபக்கத்தில் கிடந்து ஒரு கோல் விழுந்ததுகூட இவர்களுக்கு அறிவிப்பைக் கேட்டுத்தான் தெரிந்தது. எதிரணிக்காம். அதனால் என்ன?

உதைபந்தாட்ட விதிகள் எனக்கும் அரைகுறை. நாகேஸ்வரியின் கண்ணால் பார்ப்பதால் தப்பினேன். அவள் கண்டதைச் சொல்கிறேன்: அல்ஃபியைக் காக்க நின்ற எதிரணிக்காரன் முதலில் கலங்கினான். இத்தனை பேர் இந்த மூலையையே ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்று தன் காற்சட்டையைத் தடவிப் பார்த்தான். அல்ஃபி பந்தை எறிய எல்லைக்கோட்டுக்கு வந்தபோது கௌசி எழும்பி, "தம்பி, நல்லா ஓடுறியள்! சாப்பாடுதான் காணாது, மெலிஞ்சு போனியள்!" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் நாகேஸ்வரி. அவள் இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டி, பிறகு அவனைக் காட்டினாள். பொடியன் முகத்தில் வந்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். சிரித்தான். அவ்வளவுதான். அதைக் கண்டு நாகேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவன் ஓடிய ஓட்டம்! பந்து வந்தால் விடவில்லை. வராவிட்டால் தேடிப்போய்ப் பறித்தான். அவன் அடித்துக் கொடுத்த பந்தைத் தோழன் ஒருவன் தலையால் முட்டிக் கோலாக்கிச் சமன்படுத்தினான். பயிற்சியாளர் எழுந்து நின்று, "அல்ஃபி!" என்று கத்தினார். ஆர்ச்சி அல்ல. பக்கத்துச் சனமும் போனை வைத்துவிட்டு இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஆட்டம் முடியப் போகும் தறுவாய். பந்து அல்ஃபியிடம். ஒருவனை வெட்டினான். உள்ளே வந்தான். கோல்காப்பாளன் பாய்ந்து வந்தான். அல்ஃபி இடதுகாலை ஓங்கி

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

கோல். எல்லோரும் துள்ள, அல்ஃபி ஓடிவந்து நாகேஸ்வரியின் காலில்— வேண்டாம். சாமித்தம்பியே சிரிக்கிறார்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே. விமான நிலையம், அச்சாறு போத்தல், கண்ணீர். இதை எழுதி முடித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் சாமித்தம்பி எழும்பி நின்று கோலை மறைத்துவிடுகிறார், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இது ஏமாற்று. ஆனாலும் ஆசையாக இருந்தது.

8

ஞாயிறு பின்னேரம், மில்லிக்கன். பயிற்சியாளர் முடிவை நாளைக் காலை சொல்வாராம். அதுவரை ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்து. அல்ஃபி மூன்று தட்டுச் சோறு தின்று, நாலாவதுக்குக் கையை விரித்து, "காணும் அன்ரி, காணும்!" என்று கத்தியாகிவிட்டது. பிறகு அவனே எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து செத்தல் மிளகாய்ப் போத்தலை எடுத்து வந்து நீட்டினான்.

சாமித்தம்பி கதிரையில் ஏறிவிட்டார். தக்ஷிகா யன்னலடியில் தயாராக நிற்கிறாள். நாகேஸ்வரி சுற்றுகிறாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவன் துப்பினான்.

இவ்வளவு நேரமும் நீங்களும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பந்தைப் பார்க்கவில்லை, அது எங்கே போனதென்றும் கேட்கவில்லை, நான் கவனித்தேன். அந்த ஐம்பது பேரோடு உங்களுடையதும் ஒரு சோடிக் கண்.

மிளகாய் சட்டியில் விழுகிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் நீங்கள் இழுத்துப் பாருங்கள்.

காறுதா?