சிவநேசனுக்கு ஏற்ற இடுப்புப் பை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இணையக் கடை ஒன்றில் இடுப்புப் பை தேடிக்கொண்டிருந்தபோது அதுவாக வந்து சிக்கியது. மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கும் ஒரு நாள் நடை போகிறவர்களுக்குமான பை. அதன் கீழே பினாங்குக்காரர் ஒருவர் முழ நீளத்துக்கு விமர்சனம் எழுதியிருந்தார். வார் வழுக்குமா, ஸிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்குமா, குனிந்தால் வயிற்றில் குத்துமா என்று எதையும் விடவில்லை. அதற்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது: "என்னாங்க, இதப் போட்டுக்கிட்டு எந்த மலைக்குப் போனீங்க? சாப்பாடு ஆறுது, வாங்க. – தனுஜா."

கணவனோடு பேச இணையக் கடைக்கு வர வேண்டியிருந்த அந்த அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது. விமர்சனம் எழுதிய கணவருக்கு சிவநேசன் என்று பெயர் வைத்தேன். அவள் பெயரை அவளே வைத்துக்கொண்டாள்.

2

முதல் தொடக்கம்: பினாங்கு மலையில் பனி இறங்கிய அந்த அதிகாலையில், சிவநேசன் உச்சியை அண்ணாந்து—

(அடித்துவிட்டேன். சிவநேசன் எந்த அதிகாலையிலும் மலை ஏறியதில்லை. கதையே அதுதான்.)

இரண்டாம் தொடக்கம்: மனிதன் என்பவன் சுமப்பவன். அவனுடைய சுமையே அவனுடைய—

(இதைப் படித்தால் தனுஜா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள்.)

மூன்றாவதை நேராகவே சொல்கிறேன். சிவநேசனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கெலுகோரில் அடுக்குமாடி வீடு. ஜோர்ஜ் டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. விபத்தில் அடிபட்டு இழப்பீடு கேட்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்கு அங்கே அவருக்குச் சம்பளம். சீனப் புத்தாண்டு விடுமுறையில் நெஞ்சு வலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சில வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்த டாக்டர், "இனிமே மெதுவா மலையேறலாம். ஒக்காந்தே இருந்தீங்கன்னா மறுபடியும் இங்கதான் வருவீங்க" என்றார். நெஞ்சு இறுக்கினால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறே தனுஜா காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பொறு லா," என்றார் சிவநேசன். "மாத்திரை வைக்க நல்ல பேக் ஒன்னு வாங்கிட்டுப் போவோம்."

3

முதல் பை ஓடும்போது குதித்தது. (ஓடியது வரவேற்பறையில்.) இரண்டாவது குதிக்கவில்லை, மூச்சைத்தான் பிடித்தது. மூன்றாவதில் மழைக்கோட்டு, கோடரித் தைலம், விசில், திருநீறு எல்லாம் தாராளமாகப் போயின. ஆனால் மாத்திரையை எடுக்க அத்தனையையும் சோபாவில் கொட்ட வேண்டியிருந்தது.*

நான்காவதைப் போட்டுக்கொண்டு வெளியில் நடந்து பார்ப்போம் என்று பாசாருக்குப் போனார். வயிற்றின் மேல் பை கட்டிக்கொண்டு பாசாரில் நிற்கிறவர் யார்? வியாபாரிதானே. சித்தி ஹாஜரா என்ற பெண்ணின் கீரைக் கடை அருகே அவர் வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பத்து வெள்ளி நோட்டை நீட்டி, "அண்ணே, பொன்னாங்கண்ணி ரெண்டு கட்டு" என்றாள். சிவநேசன் விழித்தார். இன்னொருத்தி முருங்கைக்கீரை கேட்டாள்.

"எடுத்துக் குடுங்கண்ணே, கை சும்மாதான இருக்கு," என்றாள் சித்தி ஹாஜரா. "நாளைக்கும் வாங்க, வியாபாரம் நல்லா ஓடுது."

அவர் அன்று மாலையே முதுகுப் பக்கம் கட்டும் மாதிரிகளைத் தேட ஆரம்பித்தார்.

* ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை இங்கே போட ஆசைப்பட்டேன். தனுஜா அதை வீட்டில் ஏற்கெனவே சொல்லித் தேய்த்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் எனக்கு சிவநேசன் மேல் சந்தேகம் வந்தது. கேலி செய்ய வசதியான ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சித்தம் தெளிந்த ஒரு மனிதர் ஏழாவது பையும் வாங்குவாரா? வாசகர் நம்பமாட்டார். அந்தப் பாத்திரத்தையே தூக்கிவிடலாம் என்று இருந்தபோது கை தானாக ஒரு வரி எழுதியது: மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவர் கைப்பிடியை விட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு—

அதை அடிக்க மனம் வரவில்லை. அவருக்குப் பயம். மலையில் பாதி வழியில் விழுந்து, தூக்க ஆளில்லாமல் கிடப்போமோ என்ற பயம். இதற்குப் போய் நான் இரண்டு பக்கம் சிரித்திருக்கிறேன்.

தனுஜாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் வெளிப்படையாகவே கேட்டாள்.

"ஒங்களுக்கு என்னாதான் பிரச்சன?"

"வாரு சரியில்ல."

"நீங்க ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நான் கார் பார்க்ல நின்னு அழுதேன். யாருக்கும் தெரியாது. இப்ப நீங்க நடக்க மாட்டேங்கறீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம நான் போறேன். வந்தா வாங்க. இனிமே கூப்புட மாட்டேன்."

சனிக்கிழமை எட்டாவது பை வந்தது. ஏழாவதிலிருந்த சாமான்களையெல்லாம் அதற்கு மாற்றினார்.

5

பினாங்கு மலைக்கு ஏறும் பாதை தொடங்குகிற மூன்கேட் அடிவாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஒரு கொட்டகையில் தொண்டர்கள் ஏறுகிறவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுத் தருகிறார்கள். அதற்கான தண்ணீரைப் பெரிய போத்தல்களில் நிரப்பிக் கீழே வைத்திருப்பார்கள். ஏறுகிறவர்கள் முடிந்தால் ஆளுக்கொன்று தூக்கிப்போக வேண்டும். அந்த ஞாயிறு தனுஜா இரண்டை எடுத்தாள். கூடவே வந்திருந்த சிவநேசனின் பையில் அந்தப் போத்தலின் கழுத்துகூட நுழையாது. விமர்சனங்களில் இதை ஒருவரும் எழுதவில்லை.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் மாத்திரையைத் தடவிப் பார்த்தார். இல்லை. அது ஏழாவது பையின் ரகசிய அறையிலேயே இருந்தது. 'வைத்தவருக்கே தெரியாது, ஐந்து நட்சத்திரம்' என்று அவரே புகழ்ந்திருந்த அறை.

தனுஜா ஏறத் தொடங்கியிருந்தாள்.

6

முடிவு ஒன்று: மாத்திரை இல்லாமல் ஏறி, பாதியில் சரிகிறார். பதிப்பாசிரியருக்கு இது மிகவும் பிடிக்கும். மாட்டேன்.

முடிவு இரண்டு: மேலே போய் இருவரும் தேநீர் குடிக்கிறார்கள், மேகம் விலகுகிறது, கடலும் பாலமும்— (வேண்டாம். இது சுற்றுலாத் துறைக்கு.)

முடிவு மூன்று: 'ஸிப் கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஒன்பதாவதைத் தேடுகிறார். என் கை இதைத்தான் எழுதப் பார்க்கிறது. அவரும் ஸிப்பைத்தான் சொல்ல வாயெடுக்கிறார்.

அவர் சொல்ல வேண்டியது அதுவல்ல. 'மாத்திரை இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் நில்.' அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு இருவருமே திரும்பி வரலாம். மலை எங்கும் ஓடிவிடாது. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பயம் என்ற சொல்லை அவளிடம் சொன்னதில்லை. நானும் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். என் பேச்சை அவர் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். போத்தலோடு நிற்கிறார். அவள் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறாள்.